வண்டி உள்ளே இருக்கும்போது

செக்போஸ்ட் அறைக்கு வெளியே ஒரு மர நாற்காலி கிடந்தது. அதில் அவருடைய தொப்பி இருக்கும். சில நாள் குடை இருக்கும். யாராவது கொண்டுவந்து கொடுத்த கீரைக்கட்டு இருக்கும். ஒருமுறை வாட்சருடைய நாய் அதில் சுருண்டு படுத்திருந்தது. அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று எழுதினால் அது சரியாக இருக்காது. காலை பத்து மணிக்கு மேல் உட்காருவார். அதற்கு முன் உட்காரமாட்டார். பாதையை மறிக்கும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், மலைக்குள், ஒரே ஒரு வண்டி இருந்தாலும் அவரால் உட்கார முடியாது.

பெயரை எழுதப்போவதில்லை. அவர் இன்னும் வனத்துறையில் வேலையில் இருக்கிறார். நாங்கள் ரேஞ்சர் என்றுதான் சொல்வோம். நல்ல உயரம், ஒட்டிய வயிறு, நடக்கும்போது சற்று முன்பக்கம் சாய்ந்த நடை. கம்பியில் இருந்து வளைவு வரை போவார். அங்கே நின்று மேலே பார்ப்பார். திரும்பி வருவார். அறைக்குள் எட்டிப் பார்ப்பார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. மறுபடி வளைவுக்குப் போவார். அவரோடு பேச வேண்டுமானால் நாமும் நடக்க வேண்டும். அவரிடம் பேசிவிட்டு வந்த நாட்களில் எனக்குக் கால் வலிக்கும்.

எங்கள் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உச்சியில் உள்ள புல்வெளி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் அங்கே இரவில் உறைபனி விழும். வெயில் ஏறுவதற்குள் போனால் புல் முழுவதும் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கலாம். வெயில் பட்டதும் போய்விடும். அதைப் பார்க்கக் கோயமுத்தூரில் இருந்தும் திருப்பூரில் இருந்தும் ஆட்கள் இருட்டோடு கிளம்பி வருகிறார்கள். அடிவாரத்துக் கம்பிக்கு மேல் அவர்களுடைய கார் போகக் கூடாது. அனுமதி பெற்ற உள்ளூர் ஜீப்புகள் மட்டும் போகலாம். அதில் ஒரு ஜீப்பு என்னுடையது. அடிவாரத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஜீப்பு சங்கத்தின் செயலாளரும் நான்தான். மற்ற மாதங்களில் எங்கள் வண்டிகள் உரமூட்டையும் தேங்காயும் ஏற்றும். பாதி நாள் சும்மா நிற்கும். அந்த இரண்டு மாதப் பனிதான் டிரைவர்களின் வீடுகளில் வருடத்தைத் தள்ளியது.

அவர் வருவதற்கு முன்பு கணக்கில்லாமல் வண்டிகள் போயின. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கின. பனியில் விறைத்த புல்லின் மேல் சக்கரம் ஏறினால் அது மடிவதில்லை, ஒடிகிறது. வேரோடு கருகுகிறது. அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகிவிடும். போதாததற்கு அது வரையாடுகள் குட்டி போடும் காலம். பனிக்காலத்தில் வண்டியே வேண்டாம் என்று மூடிவிடத் துறை முடிவு செய்திருந்த நேரத்தில்தான் இவர் மாற்றலாகி வந்தார்.

கோயமுத்தூரில் நடந்த கூட்டத்துக்குச் சங்கத்தின் சார்பில் நான் போயிருந்தேன். மாவட்ட வன அலுவலர் அம்மா புத்தகத் தமிழில் சுருக்கமாகப் பேசுகிறவர்.

"மூடுவதுதான் எளிது. நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் எழுந்துவிட்டார். "மூடுனா ராத்திரி திருட்டுத்தனமாப் போவாங்கம்மா. தொறந்து வெச்சு, கொஞ்சமா உட்டு, எண்ணி எறக்கிக்கலாமுங்க. பாதைய உட்டு எறங்கக் கூடாது. பத்து மணிக்குள்ள அத்தன வண்டியும் வெளிய வந்தரோணும்."

"ஒரு வண்டி ஒரு நாள் உள்ளேயே தங்கிவிட்டால்?"

"அன்னைக்கே மூடச் சொல்லி நானே எழுதிப்போடறனுங்க."

எனக்குத் திக்கென்றது. எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் இந்த ஆள் ஒரு வாக்கியத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாரே என்று. வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏனுங்க, அவ்வளவு தூரம் சொல்லோணுங்களா?"

"சொன்னாத்தானுங்க தொறப்பாங்க" என்றவர், பேருந்து நிலையம் வரை ஆட்டோவே வேண்டாம் என்று நடந்தார்.

அப்படித்தான் டோக்கன் வந்தது. ஜீப்புக்கு ஒரு பித்தளை வில்லை. மேலே போகும்போது வாட்சர் எடுத்துக் கொடுப்பார். இறங்கி வந்ததும் டிரைவர் அதை அறை வாசலில் இருந்த பலகையில், தன் எண்ணுக்கு உரிய ஆணியில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் மலை காலி. பலகை நிறையும் வரை இவர் வளைவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார், முதுகு எங்கள் பக்கம். யாராவது "எல்லாம் வந்தாச்சுங்க சார்" என்று குரல் கொடுத்தால் திரும்பி வந்து பலகையைப் பார்ப்பார். ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் மறுபடி வளைவுக்கு.

எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் உண்டு. டீ சாப்பிடுங்க என்றால், "வண்டி உள்ள இருக்குதுங்க." கொஞ்சம் நிழலுக்கு வாங்க என்றால், "வண்டி உள்ள இருக்குதுங்க."

என் மகள் கல்யாணம் தை மாதம், காலை முகூர்த்தம். வந்தார். மண்டப வாசலிலேயே நின்றுகொண்டு செக்போஸ்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பந்திக்குக் கூப்பிட்டால் வரவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காமல் போவது சாதாரண விஷயம் இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம் முன்கோபி. நேராகப் போய்க் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, எங்கூட்டுச் சோறு ஆகாதுங்களா?"

"ஐயோ, அப்படியில்லீங்க மாமா! வண்டி உள்ள இருக்குதுங்க."

"வண்டி மலையிலதான இருக்குது. உங்க வயித்துக்குள்ளயா இருக்குது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பாயசத்தை மட்டும் டம்ளரில் வாங்கி நின்றபடியே குடித்தார். குடித்து முடிக்கும் முன் போன் வந்தது. டம்ளரை என் அக்கா வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். கோபித்துக்கொண்ட மனிதர் காலி டம்ளரோடு நின்றதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

யாரிடமும் அவர் முடியாது என்று நேராகச் சொன்னதில்லை. ஒரு நாள் பெரிய இடத்து ஆள் ஒருவர் புத்தம் புது உயர வண்டியில் வந்தார். தன் வண்டியிலேயே மேலே போக வேண்டும் என்றார்.

"கம்பியத் தூக்கச் சொல்லுங்க. ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றோம்."

"வாங்க வாங்க, தாராளமாப் போலாமுங்க. எந்தூருங்க நீங்க?"

ஊரைச் சொன்னார். அந்த ஊரில் இவருக்குத் தெரிந்தவர் இருந்தார். தென்னை எப்படி, வெள்ளை ஈ விட்டதா, கிணற்றில் தண்ணீர் எந்த மட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். இத்தனைக்கும் வண்டியின் பம்பருக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண் மட்டும் வளைவுக்கும் அந்த மனிதருக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. வெயில் நன்றாக ஏறியதும் அண்ணாந்து பார்த்து, "அடடா, பனி கரைஞ்சிருக்குமேங்க. நாளைக்கு வெள்ளென வந்து நம்ம ஜீப்புல போயிருங்க" என்றார். அந்த மனிதர் கைகொடுத்துவிட்டுப் போனார்.

செல்வராசு என்ற டிரைவர் எங்களில் வாய் நீளமானவன். "டேய் மாப்ள, உள்ள உடாததுக்கு ஒருத்தன் கை குடுத்துட்டுப் போறான் பாத்துக்க" என்றான். என் ஜீப்பை ஓட்டும் நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இருவரும் ஒன்றாக வண்டி பழகியவர்கள். ரேஞ்சர் மேல் இருவருக்கும் ஒரு பிரியம். மூடியிருக்க வேண்டிய மலையைத் திறந்து வைத்தவர் என்ற நன்றி எல்லோருக்கும் இருந்தது. இவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது பனிக்காலத்தில் அவருக்கு வயிற்றில் புண் வந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடியும் முன்பு கம்பிக்கு வந்துவிடுவார். பலகை நிறையும் வரை பச்சைத் தண்ணீர்தான். வளைவில் நிற்கும்போது ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொள்வதை நானே பார்த்தேன். அவருடைய மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக அன்னூரில் இருந்தார். அவர் செல்வராசுக்குப் போன் செய்து, "அண்ணா, அவரு உண்டாரா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணா. கேட்டா உண்டாச்சுங்கறாரு" என்று சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாச்சிமுத்து பனி பார்க்க வந்தவர்களைப் பல நாள் போத்தனூர் ஜங்ஷன் வரை கொண்டுபோய் விடுவான். அங்கே அவன் தங்கை வீடு. இரவு அங்கேயே படுத்துவிட்டு மறுநாள் வருவான். அதனால் ஒரு ராத்திரி அவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் யாரும் தேடமாட்டார்கள்.

அந்தத் தையில் ஒரு நாள் பத்து மணிக்கு முன்பே பலகை நிறைந்துவிட்டது. ரேஞ்சர் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு வயிற்று வலி கூட இல்லை என்று வாட்சரிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் முதலில் மேலே போனது செல்வராசு. கொஞ்ச நேரத்தில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கி வந்தான். உச்சிக்குக் கீழே, பாதைக்கு வெளியே, சதுப்பில் என் ஜீப்பு அச்சு வரை புதைந்து நிற்கிறது. கூரைத் தார்ப்பாயின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்றான்.

ரேஞ்சர் அதே வண்டியில் ஏறினார். நானும் ஏறினேன்.

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. யாரும் மிதிக்காத வெள்ளையில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று பண்ணைக்காரர் வற்புறுத்தியிருக்கிறார். நாச்சிமுத்து முதலில் மறுத்து, பிறகு இறங்கியிருக்கிறான். சக்கரம் சதுப்பில் இறங்கிவிட்டது. அங்கே போன் எடுக்காது. மத்தியானத்துக்குள் மூடுபனி கவிந்துவிட்டது. யானை நடமாட்டமும் உண்டு. வயசான அம்மாவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, நடத்திக் கூட்டிவரவும் முடியாது. நால்வரும் ஜீப்புக்குள்ளேயே, சீட்டு உறையைக்கூடக் கிழித்துப் போர்த்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டி இருந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தித் தூக்கியபோது அந்த அம்மா மருமகனைப் பார்த்து, "பனி பாக்கோணும் பனி பாக்கோணும்னீங்களே மாப்ள, பாத்தாச்சுங்களா? ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து அந்த அம்மா பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்களை அனுப்பிவிட்டுக் கம்பிக்குத் திரும்பினோம். டிரைவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ரேஞ்சர் பலகை முன்னால் போய் நின்றார். நாச்சிமுத்துவின் டோக்கன் அவனுடைய ஆணியில் இருந்தது.

"ஏனுங்க செல்வராசு, இது நேத்து இங்க எப்படிங்க வந்துச்சு?" ஏன் அவனைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவன் முகத்தில் இருந்திருக்கும்.

"நான்தானுங்க மாட்டினேன்."

"வண்டி மேலதான இருந்துச்சு?"

"ஆமாங்க. வாரவங்க இன்னும் சித்தெ நேரம் இருக்கோணும்னாங்கன்னு டோக்கன என்றகிட்டக் குடுத்துப்போட்டான். பின்னாலயே வந்தர்றேன்னான்."

"எதுக்குங்க?"

செல்வராசு தரையைப் பார்த்தான். "நீங்க நேரத்துக்கு உண்ணோணும்னுங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் சொன்னார்கள். மார்கழி பிறந்ததில் இருந்தே இது நடந்துவந்திருக்கிறது. கடைசியில் வருகிறவன் தன் டோக்கனை முன்னால் போகிறவனிடம் கொடுத்துவிடுவான். பலகை நிறைந்துவிடும், ரேஞ்சர் சாப்பிடப் போய்விடுவார். பிந்தி வருகிறவன் கடைசி இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் உருட்டிக்கொண்டு வருவான். வாட்சர் கம்பியைத் தூக்கிவிடுவார். முந்தின நாள் பத்து மணிக்கு வாட்சர் மாறியிருந்தார். பலகை நிறைந்திருப்பதைப் பார்த்த புது ஆள், மலை காலி என்று கம்பியைப் பூட்டிவிட்டார்.

ரேஞ்சர் முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் உக்காந்து உண்ட அத்தன நாளும் உள்ள வண்டி இருந்துச்சுங்களா?"



அன்று மாலை சங்கத்தில் இருந்து சிலர் அவருடைய குடியிருப்புக்குப் போனோம். பல்லடத்துக்காரர் யாரிடமும் புகார் சொல்லப்போவதில்லை, தப்பு தன் மேலும் இருக்கிறது என்று எனக்குப் போன் செய்திருந்தார். வண்டி பழுதாகி அன்றே இறக்கப்பட்டது என்று எழுதினால் முடிந்துவிடும். இதை நான் எடுத்துச் சொன்னேன். தை பாதிதான் ஆகியிருக்கிறது, இப்போது மூடினால் இத்தனை குடும்பங்கள் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிப்போட்டனுங்க" என்றார். "காலையிலயே அனுப்பிச்சுப்போட்டேன்."

நாங்கள் வெளியே வந்தோம். அவரிடம் அதுவரை இருந்த மரியாதை வழியிலேயே எங்களில் பலருக்குப் போய்விட்டது. எனக்கும் கோபம்தான். கூட்டத்தில் அவர் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

மாவட்ட அலுவலர் அம்மா விசாரணைக்கு வந்தார். எல்லோரையும் கம்பியருகில் நிற்க வைத்து, நடந்ததை ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு ரேஞ்சரிடம் சொன்னார்: "முழுக்க மூட வேண்டியதில்லை. டோக்கனை மாற்றிய இரண்டு டிரைவர்களையும் நிரந்தரமாக நீக்கிவிடுங்கள். மற்ற வண்டிகள் நாளை முதல் ஓடட்டும். உங்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை."

கூட்டத்தில் எல்லோருக்கும் பிழைத்தோம் என்று இருந்தது. செல்வராசுவையும் நாச்சிமுத்துவையும் மட்டும் யாரும் பார்க்கவில்லை. எனக்கு உடனே தோன்றியது, வேறு டிரைவர் யாரைப் பிடிப்பது என்பதுதான்.

"வேண்டாமுங்கம்மா" என்றார் ரேஞ்சர். "இந்தப் பனிக்கு மூடிப்போடுங்க. அடுத்த பனிக்குத் தொறங்க. இவங்க ரெண்டு பேரும் ஓட்டட்டும், அத்தன பேரும் ஓட்டட்டும். கம்பிக்கு மட்டும் வேற ஆளப் போடுங்க."

"தப்பு செய்தது அவர்கள். உங்களை ஏன் மாற்ற வேண்டும்?"

"நான் நின்னுட்டே இருந்தா வண்டி பத்திரமா வந்து சேரும்னு நெனச்சனுங்க. இவங்க என்னய உக்கார வெக்கறதுக்கு வழி பாத்திருக்காங்க. நாளைக்கு ரெண்டு பேர நீக்குனா, மத்தவங்க வேற வழி பாப்பாங்க." பிறகு சொன்னார்: "பாத்தா பாவம்னு தோணாத ஆளாப் போடுங்கம்மா."

பின்னால் இருந்து ஒருவன், "ரெண்டு பேருக்காக எங்க ஊட்லயெல்லாம் அடுப்பு அணையோணுமா?" என்று கத்தினான். ரேஞ்சர் அவன் பக்கம் திரும்பி, "ஆமாங்க" என்றார். அவர் ஒருவருக்கு அப்படி நேராகப் பதில் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மூடினார்கள். அவருக்கு மாற்றல் ஆனது, கம்பியோ வண்டியோ இல்லாத ஒரு மரக்கன்று நாற்றங்காலுக்கு. போகிற அன்று வழியனுப்ப யாரும் போகவில்லை. நானும் கடையில்தான் இருந்தேன். நாச்சிமுத்து மட்டும் போய்ச் சாமான் ஏற்றிக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தையும் மாசியும் அவன் பல்லடத்துப் பக்கம் கோழித்தீவன லாரி ஓட்டினான்.

அடுத்த மார்கழியில் திறந்தார்கள். புது ரேஞ்சர் வந்தார். அதிகம் பேசமாட்டார். ஜீப்பு போகும், வரும். அவர் உள்ளே உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். டோக்கன் கிடையாது, டிரைவரே வந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும். பத்து மணிக்குக் கம்பி பூட்டப்படும். பிந்தினால் என்ஜினை அணைத்துவிட்டு உள்பக்கமே காத்திருக்க வேண்டும். அவருக்குத் தோன்றும்போதுதான் திறப்பார். எல்லோரும் முன்கூட்டியே இறங்கிவிடுகிறார்கள். புல்லில் புதுத் தடம் எதுவும் இல்லை.

போன பனியில் ஒரு நாள் நாச்சிமுத்து பிந்திவிட்டான். கம்பிக்கு உள்பக்கம் வெகுநேரம் நிற்க வைத்துவிட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் அவனைக் கண்டபடி பேசியிருக்கிறார்கள். மத்தியானம் வண்டியை என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே மனசு ஆறவில்லை.

"அவரா இருந்திருந்தா இந்நேரம் வளைவுல வந்து நின்னிருப்பாரில்லடா?" என்றேன்.

சாவியை மேசையில் வைத்தான்.

"நின்னிருப்பாருங்க" என்றான். "அவரு நிக்கறாருன்னு தெரிஞ்சிருந்தா, அந்தத் தைரியத்துலயே நான் இன்னும் லேட்டாத்தானுங்க வந்திருப்பேன்."